மெல்ல ஆறவேண்டிய தட்டு

புகையைத் திரும்ப எரிபொருளாக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு பேராசிரியர் பொற்கொடியிடம் ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். மாணவர் என்றால் தலை நரைத்தவர். பெயர் துரைக்கண்ணு. அனல்மின் நிலையத்தில் கொதிகலனோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஆசிரியை அவரைவிட வயதில் சின்னவர்.

"நான் விட்ட புகை கொஞ்சநஞ்சமில்லை மேடம். ஒரு கைப்பிடியாவது திருப்பணும்."

"திருப்பலாம் சார். அவசரப்படாம இருக்கணும்."

வேலை இதுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் தட்டு. அதை உலையில் செக்கச்செவேலென்று பழுக்க வைத்து, மின்சாரம் கொடுத்து, ஒரு முனையில் நீராவியையும் கரியமில வாயுவையும் அனுப்பினால் மறுமுனையில் எரிவாயு வரும். சொல்லிவிடலாம். தட்டுகள்தான் ஒவ்வொன்றாக உடைந்து பழிவாங்கின. சூடேற்றுவதும் ஆறவைப்பதும் துளித்துளியாக நடக்கவேண்டும், இல்லையென்றால் விரிசல்.

கடைசியில் ஒரு தட்டு பிழைத்தது. குழாய் முனையில் நீலச் சுடர் எரிந்தது. துரைக்கண்ணு சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அதைப் பார்க்க மறுநாள் டெல்லியிலிருந்து ஒரு குழு வர இருந்தது. அவர்கள் தலையசைத்தால்தான் ஆராய்ச்சி தொடரும்.

அன்று மதியம் பொற்கொடி வெளியூரில் இருந்தார். துரைக்கண்ணுவின் அண்ணி போனில் அழுதார்.

"அண்ணன் உங்களத்தான் கேக்குறாரு தம்பி. தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உடனே வாங்க."

அண்ணனின் நிலம் மின்நிலையத்தின் சாம்பல் குளத்துக்குப் போனது. அதே நிலையத்தில் சம்பளம் வாங்கிய தம்பியிடம் அவர் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த எரிவாயுவில் விஷம் உண்டு; அது ஓடும் உலையை ஆளில்லாமல் விட்டுப் போக முடியாது. முறைப்படி ஆறவைத்தால் பொழுது விடிந்துவிடும். துரைக்கண்ணு கொஞ்சநேரம் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிட்டு பஸ் ஏறினார்.

அண்ணனின் காரியம் முடித்து அவர் திரும்பியபோது, குழு வந்து, உடைந்த தட்டைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போயிருந்தது. ஆராய்ச்சி நின்றுவிட்டது.

"அண்ணன் பேசினாரா?" என்று கேட்டார் பொற்கொடி.

"'வந்துட்டியாடா'ன்னார் மேடம். அவ்வளவுதான்."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது.

"உங்க உழைப்பையும் சேத்து உடைச்சுப்புட்டேன். நீங்க ஒரு வார்த்தை திட்டவும் மாட்டேங்கிறீங்க. நான் இங்கயே இருந்திருக்கணுமா மேடம்?"

பொற்கொடி அலமாரியைத் திறந்தார். பஞ்சில் சுற்றிய ஒரு பழைய தட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது எப்போ செஞ்சது மேடம்?"

"நான் மாணவியா இருந்தப்போ. எங்க அக்கா இதே மாதிரி கூப்பிட்டு விட்டா. நான் முறைப்படி ஆறவெச்சுட்டு, விடிஞ்சப்புறம்தான் கிளம்பினேன். போய்ச் சேந்தப்போ அவ இல்லை."

துரைக்கண்ணு பேச வாயெடுத்தார்.

"வெளிச்சத்துல பிடிச்சு நல்லாப் பாருங்க சார்," என்றார் பொற்கொடி. "ஒரு கீறல்கூட இல்லை."