பொட்டலுக்கு வந்த மூன்று பாதைகள்

பண்ணையார் சிங்காரவேலுவுக்குக் கரட்டடிக் குடிசைகளின் மேல் ரொம்ப நாளாகக் கண். அவற்றைக் காலி செய்யச் சொல்லி, தாசில்தார் மேசையில் பழைய சர்வே வரைபடம் ஒன்றை விரித்தார்.

"ஐம்பத்தாறுல, நான் பிறந்த வருசம் போட்ட படம். குடிசை ஒண்ணாவது இருக்கா? வெறும் பொட்டல்! எல்லாம் நேத்து வந்து ஒட்டிக்கிட்ட கூட்டம்."

குடிசைக்காரர்கள் சார்பில் விசாரணைக்கு வந்திருந்த மாயக்காள் கரட்டடியில் ஆடு மேய்ப்பவள்; அவளுக்கு எழுத்து தெரியாது, தடம் தெரியும். குனிந்து பார்த்தாள்.

"இந்தப் புள்ளிக்கோடு என்னங்கய்யா?"

"ஒத்தையடிப் பாதை," என்றார் தாசில்தார்.

"மூணு பாதை வந்து பொட்டல்ல முடியுதே, ஆளில்லாத இடத்துக்கு யாரைப் பார்க்க நடந்தாங்க?"

"ஆடு மேஞ்ச தடம்!" என்று சீறினார் பண்ணையார்.

"ஆடு என்னைக்குக் கோடு பிடிச்சு மேஞ்சிச்சு, முதலாளி? சரி, இந்தப் பாதை கிளம்புற கட்டம் எதுங்கய்யா?"

தாசில்தார் விரல் வைத்துப் பார்த்தார். "பண்ணையார் பங்களா."

"எங்க ஆத்தாதான் அப்ப மருத்துவச்சி. அவளைக் கூப்பிட உங்க வீட்டாளுக ஓடிவந்த பாதை இது. பொட்டல்ல ஆளே இல்லைன்னா, உங்களைக் கையில ஏந்துனது யாரு முதலாளி?"

பண்ணையார் அவசரமாகப் படத்தைச் சுருட்டினார். தாசில்தார் கை நீட்டினார்.

"அதை வச்சிட்டுப் போங்க. இவங்களுக்குப் பட்டா எழுத ஆதாரம் வேணும்."