துளையில்லாப் பூட்டு

பூட்டுகளும் சட்டவிதிகளும் வாய் திறந்து பேசிய நாளில், ஒரு நகரத்துச் சிறையில் சாவித்துளை இல்லாத பூட்டு ஒன்று இருந்தது. கொலையில் பங்குகொண்டவர் எவராயினும் அதைக்கொண்டே பூட்டவேண்டும் என்பது சட்டவிதியின் கட்டளை. ஒருமுறை பூட்டினால் திறக்க வழியில்லை.

காவலரின் இடுப்பில் தொங்கிய சாவிக்கு அதைக் கண்டாலே சிரிப்பு.

"துளையே இல்லாத உனக்குப் பூட்டு என்று எதற்குப் பெயர்? செங்கல் என்று வைத்திருக்கலாமே!"

"இடுப்பில் ஆடித் திரிகிற உனக்கு உறுதியைப் பற்றி என்னடா தெரியும்? போய் வேலையைப் பார்" என்றது பூட்டு.

ஒருநாள் சேந்தன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு கடைக்குள் திருடப் புகுந்த அவனுடைய அண்ணன், தடுத்த காவலாளியைக் கொன்றுவிட்டான். தெருமுனையில் நின்று, ஆள் வருகிறதா என்று பார்த்தது மட்டுமே சேந்தன் செய்தது.

நீதிபதி மங்களேசுவரி வேறொரு பூட்டை நோக்கிக் கை நீட்டினார். சட்டவிதி குறுக்கே நின்றது.

"அம்மா, தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கு இல்லை."

"பையனப்பா இவன். வயதையாவது கேட்கக் கூடாதா?"

"கேட்டால் மனம் இளகும். இளகுவதற்கு இடம் கொடுத்தால் நான் எதற்கு?"

நீதிபதி கையை மடக்கிக்கொண்டார். சேந்தன் பூட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் காவலரிடம் கேட்டான்.

"அண்ணே, இதுல சாவிய எங்க போடுவாங்க?"

காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அச்சிறையின் வாயிலில் நகரத்தின் அடிக்கல் இருந்தது. எந்தச் சட்டவிதியும் மீறக்கூடாதவற்றை, நகரை அமைத்தவர்கள் அதில் பொறித்திருந்தார்கள். மக்கள் ஆண்டுதோறும் அதற்குச் சந்தனம் பூசி, மாலையிட்டு வணங்கினார்கள். பூசிப் பூசி எழுத்துகள் மூடிப்போயின.

நெடுங்காலத்துக்குப் பின், இன்னொரு சிறுவனுக்காக அதேபோன்ற பூட்டு வார்க்கப்பட்டது. அவனுடைய தாய் தில்லைக்கரசி அடிக்கல்லின்மீது தலையை வைத்து அழுதாள். கண்ணீர் பட்ட இடத்தில் சந்தனம் கரைந்து ஓர் எழுத்துத் தெரிந்தது. மிச்சத்தை அவள் நகத்தால் சுரண்டினாள்.

'வயதை எண்ணிப் பாராமல் எச்சிறுவனையும் திறவாப் பூட்டால் பூட்டலாகாது.'

நீதிபதிகள் வந்து படித்தார்கள். சட்டவிதி தலைகுனிந்தது. புதிய பூட்டு உலைக்குத் திரும்பியது. பழைய பூட்டில் கொல்லர் துளையிட்டார்.

வலியோடு பூட்டு அடிக்கல்லைக் கேட்டது: "இத்தனை காலம் ஏன் பேசாமல் இருந்தாய்?"

"யாராவது என்னைப் படித்தால்தான் என்னால் பேச முடியும். எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்" என்றது அடிக்கல்.

சாவி உள்ளே நுழைந்தது. அது சிரிக்கவில்லை. கதவு திறந்ததும், நரைத்த தலையுடன் ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார்.

அவர் போன பிறகும் பூட்டு அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் பூட்டிய பையன் எங்கே?" என்று கேட்டது.