அசனத்தன்று வந்த ஆறு

குளம் உடைந்து கீழத்தெருவை வெள்ளம் கொண்டுபோன வாரத்தில், ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியார் ஜெயசிங் தன் குருவைத் தேடி ஆலயத்துக்கு வந்தார்.

குரு என்றால் ஓய்வுபெற்ற பாதிரியார் ஞானாபரணம்; சபையார் வழக்கில் ஐயர். ஜெயசிங்குக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். மகன் வீட்டில் இருந்தவர் செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆலயத்துக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்களை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜெயசிங்கின் முகம் தெளிவாக இருந்தது. அந்த வாரம் அந்த ஊரில் வேறு யார் முகமும் அப்படி இல்லை.

"ஐயா, எனக்குப் புரிஞ்சிட்டு," என்றார்.

"என்ன புரிஞ்சிட்டு?"

"இந்த வருசத்து வாக்குத்தத்தம்."

வருசப் பிறப்பு ஆராதனையில் சபைக்கென்று ஒரு வசனம் எடுப்பது அந்த ஊர் வழக்கம். அந்த ஆண்டு முழுக்கக் கர்த்தர் தரப்போவது அதுதான் என்று நம்புவார்கள். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் அதை நீலப் பெயிண்டில் எழுதியும் வைப்பார்கள். இந்த வருசம் கிடைத்தது ஒரு தீர்க்கதரிசியின் வாக்கு. வறண்ட நிலத்தில் ஆறு ஓடும் என்பது அதன் பொருள். தேரி என்னும் செம்மணல் மேட்டு ஊர். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளம் நிறைந்து வருசங்கள் ஆகியிருந்தன. அன்றைக்குச் சபை சொன்ன ஆமென் சாலை வரைக்கும் கேட்டது.

"ஆசீர்வாதம்னு நெனச்சோம் ஐயா," என்றார் ஜெயசிங். "ஆசீர்வாதம் இல்ல, எச்சரிப்பு. ஆறு வரும்னு எழுதியிருந்துச்சு, ஆறே வந்துட்டு. தெரு நடுவுல வந்துட்டு. அன்னைக்கு நமக்குக் கண்ணு தெறக்கல. இப்பப் பாத்தா ஒவ்வொரு சொல்லும் அப்படியே பொருந்துது."

ஐயர் ஒரு தட்டுச் சேற்றை வாசலில் கொட்டிவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை செத்தவங்களுக்கு ஞாபக ஆராதனை," என்றார் ஜெயசிங். "இதைத்தான் பிரசங்கம் பண்ணப்போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஜெபக்கனி வாராளா?"

ஜெபக்கனி கீழத்தெருவின் கடைசி வீட்டுக்காரி. புருசன் துபாயில். ஒரே மகள் பெனிட்டா மூன்றாம் வகுப்பு படித்தாள். தண்ணீர் வடிந்த பிறகு அவளை உடைமரக் காட்டில் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தவர்கள் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறப்பதில்லை.

"வாரேன்னு சொல்லியனுப்பியிருக்கா. எதுக்கு இப்படி நடந்துச்சுன்னு உபதேசியார் சொல்லட்டும், அதைக் கேக்கத்தான் வாரேன்னாளாம். பதில் கைவசம் இருக்கு ஐயா. எல்லாம் முன்னமே எழுதியிருந்ததுதான்னு அவளுக்குக் காட்டிருவேன். மனசு ஆறும்."

"ஆறுமா?"

"ஆறும் ஐயா. இன்னொண்ணும் பாருங்க." அவர் சுவரைக் காட்டினார். வெள்ளம் நின்ற மட்டத்தில் செம்மண் கறை சுவர் முழுக்க ஓடியது. நீல எழுத்துகள் அதற்கு மேலே அப்படியே இருந்தன. "தண்ணி வசனத்தைத் தொடல."

"அவ்வளவு ஒசரத்துல எழுதினது யாரு?"

"நான்தான். ஏணி போட்டு எழுதினேன்."

"பெனிட்டா எவ்வளவு ஒசரம் இருப்பா?"

ஜெயசிங் சட்டென்று கையைத் தாழ்த்திவிட்டார். அவர் முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் விடவில்லை. படித்தவர், வேதத்தில் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் இல்லை.

"சீஷர்களுக்கும் இப்படித்தானே ஐயா? கூடவே நடந்தாங்க, கூடவே சாப்பிட்டாங்க, ஒண்ணும் வெளங்கல. எல்லாம் முடிஞ்ச பொறகுதானே எழுதியிருந்தது ஞாபகம் வந்துச்சு? தீர்க்கதரிசனம் நடந்த பொறகுதான் வெளங்கும்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லுதேன்."

"அப்புறம் என்ன ஐயா?"

ஐயர் தட்டைக் கீழே வைத்தார். கழுவிவைத்திருந்த ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லும். மழையிலருந்து சொல்லும்."

ஜெயசிங் சொன்னார். அன்றைக்கு அசனம். சபையார் எல்லாரும் அரிசியும் காயும் கொண்டுவந்து, ஆலய வளாகத்தில் ஒரே உலையில் ஆக்கி, ஒரே பந்தலில் உண்ணும் நாள். ஆண்கள்தான் சமைப்பார்கள். ஊரில் இருந்த அத்தனை ஆண்களும் அடுப்படியில் இருந்தார்கள். இரண்டு நாளாக விடாத மழை. குளம் நிறைந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறியது என்று ஜெயசிங் பிரசங்கம் செய்தார். பலர் அழுதார்கள். நல்ல பிரசங்கம்.

"பொறகு?"

"பொறகு ஜெபக்கனி வந்தா."

"எங்க வந்தா?"

"சோறு வடிக்கிற எடத்துக்கு. சேலையெல்லாம் சேறு. கரை கசியுது, ஆம்பளையாளுக சாக்கு எடுத்துட்டு வாங்கன்னு கேட்டா."

"நீரு என்ன சொன்னீரு?"

"அரிசி ஒலையில கெடந்தது ஐயா. அப்படியே விட்டுட்டுப் போனா அத்தனை பேர் சோறும் கொழஞ்சிரும். ஜெபமும் இன்னும் பண்ணல."

"நான் சோத்தைக் கேக்கல."

ஜெயசிங் சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அசனம் முடியட்டும்மா, எல்லாருமா வாரோம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பயப்படாதம்மா, இது வாக்குத்தத்த மழைன்னும் சொன்னேன்."

வெளியே யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அசனத்துப் பாத்திரங்கள்தான். வெள்ளம் அடித்துப்போய்ச் சாலையோரம் ஒதுங்கியதைப் பொறுக்கி வந்திருந்தார்கள்.

"காலையில ஜெபக்கனியைப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்," என்றார் ஐயர். "உம்மகிட்டக் கேட்டுட்டு அவ நேரா வீட்டுக்குத்தான் போயிருக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல், தூங்கிட்டிருந்திருக்கு. தூக்கிட்டு மேட்டுக்குப் போவமா, மழையில நனைஞ்சா காய்ச்சல் கூடிருமேன்னு வாசல்ல நின்னு யோசிச்சிருக்கா. உபதேசியார் பயப்படாதன்னாரேன்னு, போர்வையை இழுத்து மூடிவிட்டுட்டு, மம்பட்டியை எடுத்துக்கிட்டுத் தனியா கரைக்குப் போயிருக்கா."

ஜெயசிங் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி என்று பார்க்கவில்லை.

"இது எனக்குத் தெரியாது ஐயா."

"தெரியாது. அவ வேற யார்கிட்டயும் சொல்லல. உம்மகிட்ட யாரும் கோவப்பட்டுரக் கூடாதுன்னு சொல்லல."

ஜெயசிங் தலை நிமிர்ந்து நீல எழுத்துகளைப் பார்த்தார்.

"எச்சரிப்பா எழுதியிருந்துச்சுன்னு சொன்னா, அது கர்த்தர் செஞ்சதுன்னு ஆயிரும். அதான் எனக்கு அவ்வளவு நல்லாப் பொருந்திட்டு. இல்லையா ஐயா?"

ஐயருக்கும் கண் கலங்கியிருந்தது. தான் வளர்த்த ஆள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் என்னதான் பேச?" என்று கேட்டார் ஜெயசிங்.

"சேவல் கூவினப்போ, ஆண்டவரைத் தெரியாதுன்னு மறுத்த சீஷனுக்கு, நீ என்னை மறுப்பன்னு அவர் முன்னால சொல்லியிருந்த வார்த்தை வெளங்கிச்சே. நடந்த பொறகுதான் வெளங்கிச்சு. அவன் என்ன செஞ்சான்?"

"வெளியே போய் அழுதான்."

"பிரசங்கம் பண்ணினானா?"

"அன்னைக்குப் பண்ணல ஐயா."

ஐயர் எழுந்து, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜெபக்கனி பள்ளிக்கூடத்து முகாம்லதான் இருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன் அவளைக் காத்திருக்க வைக்கணும்? இப்பவே போம். வேதப்புத்தகத்தை இங்க வச்சிட்டுப் போம்."