ஜாங்கிரி வார்டு

அரிசி மில் முதலாளி பூவராகன் மூணாம் வார்டில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார். மூன்று தடவை எண்ணச் சொன்னார். செல்லாத ஓட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு ஓட்டு கிடைக்கவேயில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் வார்டு எல்லையைத் திருத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தாலுகாவுக்கு வரைபடம் போட்டு அனுப்பும் தலையாரி செங்கமலத்தை வீட்டுக் கூடத்துக்கு வரவழைத்தார்.

"எனக்கு நிச்சயமா ஓட்டுப் போடுற வீடு உள்ளே இருக்கணும். சந்தேகம்னா வெளியே. ஒரு வீடு தப்பினாலும் உன் வேலை போயிடும்."

"சரிங்க முதலாளி" என்று செங்கமலம் பென்சிலை எடுத்தாள். கோடு டீக்கடையைச் சுற்றியது, டெய்லர் வீட்டை ஒதுக்கியது, வளைந்து வளைந்து ஜாங்கிரி மாதிரி ஆனது. பூவராகன் ரசித்துப் பார்த்தார். கடைசியில் அது அவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, கூடத்தையும் அடுப்படியையும் பிரித்தது.

"என்ன இது? அடுப்படி ஏன் வெளியே போச்சு?"

"முதலாளி சொன்ன கணக்குதாங்க. கூடம் நிச்சயம். அடுப்படியில அம்மா இருக்காங்க. போன தடவை யாருக்குப் போட்டாங்கன்னு கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா அழிச்சிடறேன்."

பூவராகன் சிரித்தார். "இதைக் கேட்கவும் வேணுமா? வேதவல்லி, போன தடவை நீ யாருக்குப் போட்ட?" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கடுகு கருகும் வாசனைதான் கூடத்துக்கு வந்தது.

செங்கமலம் ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் அழி" என்றார் பூவராகன். "தெருவோட நேராப் போடு."