பீமுக்கு அடித்த வெள்ளை

இந்தக் கதையை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

ஓர் ஊர்ப் பேருந்து நிலையத்தில், புகையில் கறுத்துப்போன, கூரையைத் தாங்கும் கான்கிரீட் பீமுக்கு அடியில் சகாயமேரி பழக்கடை வைத்திருந்தாள். மேலிருந்து காரை உதிர்ந்து திராட்சையில் விழுந்தது. பயந்துபோய் நகராட்சியில் மனுக் கொடுத்தாள். கடையை மாற்றிக்கொள்ள எதிர்வரிசையில் இடம்கூடப் பார்த்து வைத்தாள்.

அதிசயமாக நகராட்சி அசைந்தது. சென்னையில் இளவேனில் என்ற பொறியாளரிடம் ஆய்வைக் கொடுத்தார்கள். பாரம் எவ்வளவு, உள்ளே கம்பி எத்தனை, கான்கிரீட் எவ்வளவு உறுதி என்று கொடுத்தால், விரிசல் எங்கே பிறந்து எந்த வழியாக ஓடும் என்று கணினியில் வரைந்து காட்டுவது அவள் தொழில். பீமைப் படமெடுத்து அனுப்பும் பொறுப்பு உள்ளூர்ப் பொறியாளர் குணசீலனுக்கு.

இதற்கிடையில் மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. விடுவார்களா? நிலைய மேற்பார்வையாளர் தங்கப்பாண்டி ஆள்விட்டு, கண்ணில் பட்ட விரிசலையெல்லாம் பட்டி பூசி மூடி, நிலையம் முழுக்க வெள்ளையடித்தார். மறுநாள் குணசீலன் ஏணி வைத்து ஏறிப் படம் எடுத்தார். கையில் ஒட்டிய ஈர வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

இளவேனிலின் திரையில் தூணை ஒட்டிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. படத்தில் அது இல்லை. குணசீலனுக்குப் போன் செய்தாள்.

"சார், தூண் பக்கத்துல சாய்வா விரிசல் ஏதாவது இருக்கா?"

"போட்டோவுல என்ன இருக்கோ அதுதாம்மா இருக்கு."

கணக்கு, கண்ணால் கண்டதோடு பொருந்த வேண்டும் என்பது அவள் தொழிலில் விதி. கான்கிரீட்டின் உறுதியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். இன்னும் கொஞ்சம். திரையில் விரிசல் மறைந்தது. பீம் தாங்கும் என்று அறிக்கை போனது.

சகாயமேரி குணசீலனை வழிமறித்தாள். "சார், நான் கடையை மாத்திக்கட்டுமா? மனசு கேக்கல."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சும்மா. பேசாம யாவாரத்தப் பாருங்க."

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பீம் தூணோரமாக முறிந்து இறங்கியது. சகாயமேரியைப் பழக்கூடைகளோடுதான் வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

விசாரணையில் தங்கப்பாண்டி, "மந்திரி வந்தா வெள்ளையடிக்கிறது வழக்கம்தானே?" என்றார். "இருந்ததைத்தான் படம் எடுத்தேன்" என்றார் குணசீலன். "படத்துக்குப் பொருந்தத்தான் கணக்கைத் திருத்தினேன்" என்று இளவேனில் அழுதாள். மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

இப்போது சொல்லுங்கள்: சகாயமேரியின் சாவுக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: தங்கப்பாண்டி செய்தது அநியாயம்; ஆனால் ஆய்வு நடப்பதே அவருக்குத் தெரியாது. இளவேனில் நேரில் வந்து பார்க்காதது பெரிய தப்பு. ஆனாலும் அவள் சந்தேகப்பட்டுக் கேட்டாள். ஈர வெள்ளை பட்ட கை குணசீலனுடையது. இரண்டு பெண்கள் அவரிடம் கேட்டார்கள். வெள்ளையடித்த பிறகுதான் படம் எடுத்தேன் என்று இருவரிடமும் அவர் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அவர்தான். விசாரணைக் குழுவோ, கணினியின் கணிப்பு தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. முதலிலேயே சரியாகச் சொன்னது அந்தக் கணினி ஒன்றுதான்.