மடத்து மவுஸ்

மடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதனால் மடத்துச் சமையல்காரம்மாவுக்கு வேலை போயிற்று. எப்படி என்று சொல்கிறேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஆவுடையப்பன். அறுபது வயது. மடத்துச் சாமிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் சாமிதான் குரு, இவர்தான் சீடர். சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். என் காலில் விழாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். ஆவுடையப்பன் தினமும் விழுவார். முறை என்றால் முறை. அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை. குருபூசை அழைப்பிதழை அன்றைக்கே அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். காலமாகிவிட்ட பெரிய சாமியின் படத்தை ஆவுடையப்பன் அழைப்பிதழின் நடுவில் வைக்கப் பார்த்தார். மவுஸை இழுத்தார். அம்புக்குறி அசையவில்லை. இன்னும் இழுத்தார். படம் ஒரே தாவாகத் தாவி, அழைப்பிதழின் ஓரத்தில் வரைந்திருந்த அன்னதான அண்டாவுக்குள் போய் விழுந்தது.

"சிவ சிவா," என்று மறுபடி இழுத்தார். இந்தத் தடவை பெரிய சாமி நாதஸ்வரக்காரர் தலைமேல் ஏறி உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் மேஜையைத் தட்டினார். மவுஸைத் தட்டினார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அடியில் அட்டையை வைத்தார், அட்டையை எடுத்துவிட்டுத் துண்டை விரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பாதி போய்விட்டது.

பிறகு அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக அவர் நினைத்தார். நேராக அடுப்படிக்குப் போனார்.

அங்கே இசக்கியம்மாள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் சமையல். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் சீட்டு விளையாடுவாள். ஒரு ஆள் தனியாக ஆடுகிற சீட்டு. யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது.

"நீ சீட்டு ஆடி ஆடித்தான் மவுஸ் கெட்டுப்போச்சு," என்றார் ஆவுடையப்பன்.

"ஆயுத பூசைக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே வரலியே அண்ணாச்சி."

"எதுத்துப் பேசாத. எண்ணெக் கையோட தொட்டா அது எப்படி ஓடும்?"

"எண்ணெ போட்டா எல்லாம் நல்லால்லா ஓடும்?"

அந்தப் பதில்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"மூட்டையக் கட்டு. இப்பவே கெளம்பு. இது மடம், சீட்டுக் கிளப்பு இல்ல."

இசக்கியம்மாள் அரிவாள்மணையைக் கழுவிச் சாய்த்து வைத்தாள்.

"அரிசி ஊறுது. வடிக்க ஆள் பாத்துக்கிடுங்க," என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் போ என்று சொல்லிவிட்டால் அவள் திரும்பி வருகிற ஆள் இல்லை. சொந்தத் தம்பி வீட்டுப் படியையே அப்படித்தான் மிதிக்காமல் இருக்கிறாள். பஸ் ஏறி எங்கே போவது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஏறிவிடுவாள்.

ஆவுடையப்பன் சாமியிடம் வந்தார். காலில் விழுந்தார். எழுந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். முறையா இருக்கவன் ஒருத்தன். முறை தெரியாத ஆளு ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல எப்படி சாமி இருக்கது?"

"யாரு அது?"

ஆவுடையப்பன் சொன்னார். மவுஸ், சீட்டு, எண்ணெய்க் கை எல்லாம் சொன்னார்.

"போகச் சொல்லிட்டேன் சாமி. பஸ் ஸ்டாப்புல இருக்கா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா போதும்."

சாமி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இந்தச் சாமிகளோடு எப்போதும் இதுதான் தொல்லை.

"வாங்க, மவுசப் பாப்போம்," என்றார்.

மவுஸ் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதுகில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"எப்பயிருந்து இப்படி?"

"விஜயதசமியன்னைக்குக் கம்ப்யூட்டரப் போட்டேன் சாமி. அன்னையிலிருந்து மக்கர்."

"அதுக்கு மொத நாள் என்ன பண்ணினிய?"

"என்ன சாமி இப்படிக் கேக்கிய? ஆயுத பூசை. எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். கம்ப்யூட்டருக்கு, பிரிண்டருக்கு, கிரைண்டருக்கு. ஒண்ணு விடல."

சாமி மவுஸை மல்லாத்தினார்.

அடியில், வெளிச்சம் வருகிற ஓட்டையின் மேல் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகச் சிவப்பு வெளிச்சம் கொஞ்சமாகக் கசிந்தது.

"இது?"

"நான்தான் சாமி." குரல் இறங்கிவிட்டது. "அடியில வெளக்கு மாதிரி எரிஞ்சுதா, முதுகுக்கு வச்சுட்டு வெளக்குக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்த வெளிச்சத்தை வச்சுத்தான் அது எங்க போறோம்னு பாக்கும் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தொடைங்க."

"பூசையில வச்சது சாமி. நான் எப்படித் தொடைக்க? கொஞ்சம் தீர்த்தம் எடுத்துட்டு வந்து, ஒரு பூவப் போட்டு, முறையா..."

சாமி விரலை நாக்கில் வைத்து நனைத்தார். அந்த எச்சில் விரலால் சந்தனத்தைத் தேய்த்தார். வேட்டி நுனியால் துடைத்தார். ஆவுடையப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஓட்டிப் பாருங்க."

ஓடியது. இழுத்த இடத்துக்குப் போயிற்று, நிறுத்திய இடத்தில் நின்றது.

"அப்பாடா!" ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய சாமி நாதஸ்வரக்காரர் தலையிலிருந்து இறங்கி நடுவில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் மேல ஏத்துவமா? ஓரத்துல தாமரை ஒண்ணு வைக்கவா சாமி?"

சாமி போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

"என்ன சாமி?"

"பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு இருக்கு."

ஆவுடையப்பன் கை நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். இசக்கியம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

"என் மேலதான் தப்பு சாமி. ஒத்துக்கிடுதேன். இந்தா போய்க் கூட்டிட்டு வந்துருதேன்."

எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழமை சாமி. பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலம். போன ஆளத் திரும்பக் கூப்பிடுதது நல்ல காரியம் பாருங்க. இது கழியட்டும். முறையாப் போய்க் கூப்பிடுதேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"போன்னு சொன்னப்ப காலண்டரப் பாத்தியளா?" என்றார் சாமி.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.