குழம்புக்கு இடம் விடாத ராஜா

கூடப் பேசுகிறவர் உங்களுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் எல்லாத்தையும் அவரே பேசிவிட்டால், எத்தனை நாள் பொறுத்துக்கொள்வீர்கள்? மருதங்காட்டு ராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் வாயையே மூடிக்கொண்டாள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால், அந்த மருதங்காட்டை நெடுமுடி ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நொடியில் நடக்கணும் அவருக்கு. அவரும் ராணி தில்லைநாயகியும் சாயங்காலமானால் மகள் கயற்கண்ணியை நடுவில் உட்காரவைத்துக் கதை சொல்வார்கள். ஒரு துண்டு ராஜா, அடுத்த துண்டு ராணி. முத்தாரம் என்று ஒரு பெண், காணாமல் போன தம்பியைத் தேடிக் கிளம்புகிற கதை. அடுத்து என்ன வரும் என்று சொல்கிறவர்களுக்கே தெரியாது. மூணு பேரும் சிரிக்கிற சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்கும்.

அதைக் கெடுத்தவர் அரண்மனைப் புலவர் அலங்காரனார். "மகாராஜா, வெறுமனே 'கதவு' என்று சொல்கிறீர்களே! தங்கள் வாயால் வருகிற கதவுக்கு ஆணி எத்தனை என்றாவது தெரிய வேண்டாமா?" என்று ஏற்றிவிட்டார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. ஆணியை எண்ணினார். முத்தாரம் என்ன உடுத்தினாள், என்ன நினைத்தாள், எந்தக் கண்ணில் முதலில் தண்ணீர் வந்தது, எல்லாம் அவரே சொன்னார். ராணியின் முறை வருவதற்குள் மகள் தூங்கிப்போவாள். ஒருநாள் ராணி, "மிச்சத்தையும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். கதை அதோடு நின்றது. மகளும் கல்யாணமாகி, முடிவைக் கேட்காமலே கடல் தாண்டிப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளிடமிருந்து ஓலை வந்தது. "அப்பா, பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறேன். முத்தாரம் தம்பியைக் கண்டுபிடித்தாளா? என் பிள்ளைக்கு நான் அந்தக் கதையைச் சொல்லணும்."

ராஜா ஓலையை மடியில் வைத்துக்கொண்டு மிச்சக் கதையைத் தானே சொல்லிப் பார்த்தார். பிறகு சபையில், "ராணியை மறுபடி கதை சொல்லவைப்பவருக்கு இந்த முத்துமாலை!" என்றார்.

"தாங்களே முடித்துவிடலாமே?" என்று கேட்டார் அமைச்சர் திருமேனி.

"முடித்துப் பார்த்தேனய்யா. அவள் இல்லாமல் அது என் பொண்ணு கேட்ட கதையாகவே இல்லை."

புலவர் முந்திக்கொண்டார். ராணியின் முன்னால் உட்கார்ந்து முத்தாரத்தின் மூக்குத்தியை மட்டும் மூணு நாள் வர்ணித்தார். ராணி சாமந்தி தொடுத்துக்கொண்டே இருந்தாள். மூணாம் நாள் சரம் வாசற்படியைத் தாண்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

தோற்ற எரிச்சல் புலவருக்கு. அமைச்சரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "திருமேனியாருக்கு ஏரி மதகைத் திறக்கத் தெரியும். ராணியார் வாயைத் திறக்கத் தெரியுமோ?" என்று சீண்டினார்.

மகள் வருகிற நாள் நெருங்குகிற கவலையில் இருந்த ராஜாவுக்கு அமைச்சர்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. "அமைச்சரே, நாளைக்குள் வழி சொல்லும். இல்லாவிட்டால் பதவியை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போம்!"

"ஆகட்டும் மகாராஜா. நாளை மத்தியானம் சாப்பாடு என் வீட்டில். புலவரும் வரட்டும்."

மறுநாள் இலை போட்டார்கள். அமைச்சரின் மனைவி பொன்னுருவி ராஜாவின் இலையில் நுனியிலிருந்து அடிவரை, விளிம்புவரை சோற்றையே கொட்டினாள். புலவர் இலையிலும் அப்படியே.

"குழம்பு எங்கே அம்மா?" என்றார் ராஜா.

"கையிலேதான் இருக்கு ராசா. ஊத்த இடம் எங்கே விட்டீங்க?"

"சோற்றைப் போட்டது நீ! நானா இடம் விடவில்லை?"

அமைச்சர் நிறைந்த இலையைக் கையால் காட்டினார். ராஜாவின் முகம் மெல்ல மாறியது.

"அப்படியென்றால் கதையில் நான் ஒன்றுமே சொல்லக்கூடாதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

பொன்னுருவி அந்த இலையை எடுத்துவிட்டு வெற்று இலையைப் போட்டாள். "இதிலே ஊத்தட்டுமா? ஓடிப்போயிடும். பிசைய ஒரு பிடி சோறாவது வேணுமில்ல?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு கண்ணும் கலங்கியது. "என் பொண்ணு பக்கத்திலே உட்கார்ந்து கேட்ட நாளெல்லாம் நான் ஆணி எண்ணிக்கொண்டிருந்தேனே, திருமேனி!"

மாலையைக் கழற்றிப் பொன்னுருவியிடம் கொடுத்தார். "ராணி பேசினாலும் பேசாவிட்டாலும் இது உனக்குத்தான். புலவரே, உமக்கு நிறையத்தானே பிடிக்கும்? குழம்பில்லாமல் உம் இலையை முடித்துவிட்டு எழுந்திரும்."

புலவர் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்.

சாயங்காலம் ராஜா ராணியிடம் போய் உட்கார்ந்தார். "தில்லை, முத்தாரம் கிணற்றடிக்கு வந்தாள். ஆள் யாரும் இல்லை. வாளிக் கயிறு மட்டும் ஈரமாக இருந்தது."

நிறுத்திக்கொண்டார். வாளி என்ன நிறம், கிணற்றுக்குப் படி எத்தனை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பூத்தொடுத்த கை நின்றது. "யாரு தண்ணி இறைச்சது?"

"எனக்குத் தெரியாது. உன் முறை."

ராணி அவர் பக்கம் திரும்பினாள். "அந்தத் தம்பி எங்கே இருக்கான்னு அப்போ எனக்கு நல்லாத் தெரியும். என் முறைக்குச் சொல்லணும்னு ஆசையா வச்சிருந்தேன். இப்போ எவ்வளவு யோசிச்சாலும் வரலை."

"என் தப்பு, தில்லை."

"ஆமாம், உங்க தப்புதான்." அவள் சரத்தைக் கீழே வைத்தாள். "இன்னிக்கே சொல்லச் சொல்லாதீங்க. பொண்ணு வர இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் எனக்காக ஒண்ணு செய்யுங்க. மேலே ஒண்ணும் சேர்க்காம, அந்தக் கிணத்தடிக் கயிறு காயாம மட்டும் பார்த்துக்கோங்க."